இடது கன்னத்துக் கனவான்

தெயோதோரோ கொண்டுவந்து கொடுத்த பலகையை எர்சீலியா தன் பொத்தான் கடையின் வாசலில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் பார்த்தாள். படம் மாறவில்லை. அகலமான கட்டிலில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கைகளை மார்பின்மேல் கோத்தபடி ஒரு பெண்மணி படுத்திருந்தாள். அவளுடைய கன்னங்கள் பீச்சுப் பழம்போல் சிவந்திருந்தன. இடப்பக்க மேல்மூலையில், பஞ்சுப்பொதி போன்ற மேகத்தின்மேல் பாறைமாதா அமர்ந்து இரண்டு விரல்களை உயர்த்தி ஆசி வழங்கிக்கொண்டிருந்தாள்.

“யாருப்பா இது?” என்று எர்சீலியா கேட்டாள்.

“நீங்கதான்க்கா.”

“மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுட்டு ஒரு பொம்பளை தூங்குறா. அவளை எழுப்பலாமா வேண்டாமான்னு மாதா யோசிக்கிறாங்க. எனக்கு அதுதான் தெரியுது.”

தெயோதோரோ, காஸ்தெல்மூரா என்ற அந்த ஊரில் வண்டிகளுக்கும் கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கும் வர்ணம் பூசுபவன். நேர்ச்சைப் பலகைகளை எழுதுபவனும் அவனே. மாதாவின் அருளால் பிழைத்தவர்கள், தாம் பட்ட பாட்டைச் சிறு மரப்பலகையில் படமாக எழுதுவித்து, பாறை உச்சியிலுள்ள கோயிலின் சுவரில் மாட்டுவது அவ்வூர் வழக்கம். வண்டிச்சக்கரம் ஏறியவன், கிணற்றில் விழுந்தவள், ஏணி சரிந்து கீழே வந்தவன் ஆகியோருக்குத் தெயோதோரோ மனம் ஒன்றி எழுதுவான். சக்கரத்தின் ஆரக்கால்களில் ஒன்றுகூடக் குறையாது. நோயாளிகளுக்கு மட்டும் அவனிடம் இருந்தது ஒரே ஒரு கட்டில்தான். கட்டிலும் மேகமும் மாதாவும் எழுதிய பலகைகளை மழைக்காலத்திலேயே வரிசையாகச் செய்து காயவைத்துவிடுவான். நோய்ப்பட்டவர் வந்து கேட்டபின் தலையை மட்டும் சேர்ப்பான். காமாலைக்காரருக்கும் காசநோய்க்காரருக்கும் கடினப் பிரசவத்தில் பிழைத்தவளுக்கும் அதே கட்டில், அதே போர்வை. இத்தகைய சோம்பலைத் தொழில் என்று அழைப்பதற்கு அந்த ஊரில் ஒருவரும் வெட்கப்படவில்லை.

“ரத்தம் வந்துச்சாக்கா?” என்று அவன் பொறுமையாகக் கேட்டான்.

“இல்ல.”

“வீக்கம்?”

“இல்ல.”

“அப்புறம் நான் எதைத்தான் வரையறது, நீங்களே சொல்லுங்க. வலிக்குன்னு தனியா ஒரு மூஞ்சி இருக்கா என்ன?”

மூன்றாண்டுகளாக ஊரே வெவ்வேறு சொற்களில் எர்சீலியாவிடம் கேட்டுவந்த கேள்வி இது. நோய் அவளுடைய இடது கன்னத்தில் வந்தது. காற்றுப் பட்டால் வரும்; சீப்புப் பட்டால் வரும்; ரொட்டியைக் கடித்தால் வரும்; சிரித்தால் கட்டாயம் வரும். வந்தால், பழுக்கக் காய்ச்சிய ஊசி காதோரத்தில் நுழைந்து உதட்டோரத்தில் வெளிப்படும். அரை நிமிடத்தில் போய்விடும். பிறகு அது எப்போது திரும்பி வருமோ என்று அவள் மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளியில் மட்டும் ஒன்றுமே தெரியாது. கன்னம் கன்னமாகவே இருக்கும். போரில் கணவனை இழந்தவளுக்கு நரம்புத் தளர்ச்சி வருவது இயல்பு என்றார் மருத்துவர். முடிவெட்டுவதோடு பல் பிடுங்குவதையும் செய்துவந்த சபாத்தோ, குற்றவாளி ஒரு கடைவாய்ப்பல்தான் என்று உறுதியாகச் சொல்லி, அடுத்தடுத்து நான்கு பற்களைப் பிடுங்கினான். ஒவ்வொரு பல்லும் குற்றமற்றது என்பது பிடுங்கிய பிறகே தெரியவந்தது. அவள் சிரிக்காததைக் கண்ட பெண்கள், பொத்தான் விற்றுப் பணம் சேர்ந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

சென்ற நவம்பர் மாதத்தில், இனித் தாங்காது என்ற நிலையில், எர்சீலியா அடுப்பங்கரையில் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டாள். இந்த வலி நின்றால், வரும் ஈஸ்டருக்கு மறுநாளான பாஸ்காத் திங்களுக்குள், தான் பட்டதை உள்ளது உள்ளபடி பலகையில் எழுதி மாதாவின் சுவரில் மாட்டுவதாக வாய்விட்டுச் சொன்னாள். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வலி நின்றது. ஒரு நாள் கழிந்தது, ஒரு வாரம் கழிந்தது, ஒரு மாதம் கழிந்தது. அவள் மெல்ல மெல்லத் தலை வாரிக்கொள்ளத் தொடங்கினாள்.

நேர்ச்சை என்பது காஸ்தெல்மூராவில் பத்திரம் எழுதிக் கொடுப்பதற்குச் சமம். சொன்ன சொல்லில் பாதியைக் கொடுத்தால் அருளில் பாதி திரும்பிப் போய்விடும் என்பதில் எவருக்கும் ஐயம் கிடையாது. முழங்காலளவு மெழுகுக் கால் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டு, கணுக்காலளவில் நிறுத்திக்கொண்ட கல்தச்சன் ஒருவனை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அவனுக்குக் கணுக்காலுக்குக் கீழே மட்டும் குணமாயிற்றாம். எனவே, தூங்கும் பெண்மணியைக் கொண்டுபோய் மாட்டினால் என்ன ஆகும் என்பதை எர்சீலியாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தெயோதோரோவும் நட்டப்படவில்லை, அடுத்த வாரமே அந்தக் கன்னங்களுக்கு மஞ்சள் பூசி, காமாலையிலிருந்து பிழைத்த கழுதைத் தரகனுக்கு விற்றுவிட்டான்.

எர்சீலியா தானே எழுதத் தொடங்கினாள். பூவேலைக்கு மாதிரி வரைந்து கொடுத்த பழக்கத்தைத் தவிர அவளுக்கு வேறு பயிற்சி இல்லை. கடையின் பின்னறையில் ஒரு பலகையை நிறுத்தி, முதலில் நெருப்பை எழுதினாள். அடுப்பு எரிவதுபோல் இருந்தது; சுரண்டிவிட்டாள். பாம்பை எழுதினாள், சுரண்டிவிட்டாள். கோயில் சுவரிலுள்ள நரகப் படத்தை நினைவுகூர்ந்து, கொம்பும் வாலும் உடைய பேயொன்றை எழுதினாள். அது அவளுக்கு முன்பின் அறிமுகமில்லாத பேயாக இருந்தது. மூன்றாண்டுகள் தன்னோடு குடியிருந்தது இதுவன்று என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது கத்தியதில்லை, கோபப்பட்டதில்லை. ஒழுங்காக வந்தது, வேலையைப் பார்த்தது, போயிற்று. அதனால்தான் அதைக் கண்டு அவள் அவ்வளவு நடுங்கினாள். இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதே அவளுக்கு அவன் யாரென்று தெரிந்துவிட்டது.

அவன் ஒரு கனவான். குள்ளமானவன். சாம்பல் நிறக் கோட்டு அணிந்து, எண்ணெய் தடவிய தலையில் நேர்வகிடு எடுத்து, மெல்லிய மீசையை முறையாகக் கத்தரித்திருப்பவன். நிலப்பதிவு அலுவலகத்தில் இருபதாண்டுகள் வேலை பார்த்தவனைப் போன்றவன். படத்தில் எர்சீலியாவின் முகம் ஓர் அலமாரியாக இருந்தது. இடது கன்னம் கீல்களில் திறந்த கதவு. உள்ளே, எஞ்சியிருந்த கடைவாய்ப்பல்லை முக்காலியாக்கி, அதன்மேல் கைக்குட்டை விரித்து அந்தக் கனவான் அமர்ந்து, செவ்வனலாய்ப் பழுத்த ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். பிடுங்கப்பட்ட நான்கு பற்களின் இடத்தில் நான்கு சன்னல்கள். அவற்றின் திரைகள் காற்றில் உள்நோக்கிப் பறந்தன. அலமாரியின் மேலிருந்த எர்சீலியாவின் இடது கண், அவனைக் கிளப்பிவிடக் கூடாதே என்பதுபோலக் கீழ்நோக்கி ஓரமாய்ப் பார்த்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. பலகைக்கு வெளியே, படத்தைப் பார்ப்பவரை நிமிர்ந்து பார்த்தான். இப்போது ஆரம்பிக்கலாமா, உங்களுக்கு வசதிப்படுமா என்று கேட்கும் பார்வை அது.

எழுத எழுத எர்சீலியாவுக்கு ஒரு விசித்திரமான உற்சாகம் பிறந்தது. மூன்றாண்டுகள் அவன் அவளைப் பிடித்து வைத்திருந்தான். இப்போது அவள் அவனைப் பிடித்து உட்கார வைத்திருந்தாள். அவன் கோட்டுக்கு எந்தப் பொத்தான் பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதற்கே அரை நாள் ஆயிற்று. எலும்புப் பொத்தானை அவன் ஏற்கமாட்டான், கொம்புப் பொத்தான்தான். அதிலும் உயர்ந்த வகையை, இழுப்பறையிலிருந்து ஆறு எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, துளைகளோடு பார்த்து எழுதினாள். மீசையின் நுனியை எழுதும்போது தனக்குத்தானே சிரித்தாள். சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் நிகழவில்லை.

ஒன்பதாம் நாள் அவளுடைய நாத்தனார் நுன்சியாத்தா காப்பிக் கோப்பையோடு பின்னறைக்குள் வந்தாள். திருமணமாகாதவள், அண்ணன் போருக்குப் போனதிலிருந்து அண்ணியோடு அந்த வீட்டிலேயே இருப்பவள், பேச்சில் அவளை ஊரில் யாரும் வென்றதில்லை. அவள் பலகையைப் பார்த்தாள். கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு அவனுடைய பார்வை எட்டாத மூலைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணி, இவன் இத்தனை நாளும் நம்ம வீட்டுலயா இருந்தான்?”

“மூணு வருஷம்.”

“நான் சோறு போட்ட வீட்டுல.” நுன்சியாத்தா சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். “இவனை எனக்கு முன்னாலயே காமிச்சிருந்தா, தலைவலித் தைலத்தைத் தடவிட்டுச் சும்மா இருந்திருப்பேனா.”

வர்ணம் காய்வதற்காகப் பலகையைக் கடையின் முன்புறத்தில், ரிப்பன் சுருள்களுக்கு மேலே வைத்தார்கள். அன்றிலிருந்து கடையில் வியாபாரம் ஒழுங்காக நடக்கவில்லை. நூல் வாங்க வந்தவர்கள் நூலை மறந்தார்கள். ஒருத்தி, கடையின் எந்த மூலைக்குப் போனாலும் அவன் தன்னையே பார்க்கிறான் என்று புகார் சொன்னாள்; எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அப்படித்தானா என்று சோதிப்பதற்கு மறுநாள் தன் தங்கைகளை அழைத்துவந்தாள். சபாத்தோ வந்தான். நான்கு சன்னல்களையும் எண்ணினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அந்தத் திரைகளை மட்டுமாவது மூடியிருக்கலாமே என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வெளியேறினான். அடுத்த இரண்டு வாரங்கள் அவன் யாருக்கும் பல் பிடுங்கவில்லை. எல்லாரையும் நகர்ப்புற மருத்துவமனைக்கு அனுப்பினான்.

எர்சீலியா எதிர்பாராத வேறொரு காரியமும் நடந்தது. பார்த்தவர்கள் தங்களுடையதைச் சொல்லத் தொடங்கினார்கள். வாத நோயால் கால் பெருவிரல் வீங்கும் ரொட்டிக்கடைக்காரர், தம்முடையது கனவான் அல்ல, கிழநாய் என்றார். எலும்பைக் கவ்விக்கொண்டு விடவும் மாட்டாது, தின்னவும் மாட்டாது என்றார். சிறுநீரகத்தில் கல் உடைய தபால்காரர், தம்முடையவள் ஒரு சலவைக்காரி என்றும், விலாவுக்குள் நின்று ஈரத்துணியைப் பிழிகிறாள் என்றும், பிழிந்தபின் உதறுவதுதான் பொறுக்க முடியவில்லை என்றும் விவரித்தார். அவளுக்கு எத்தனை வயது இருக்கும் என்று எர்சீலியா கேட்டாள். தபால்காரர் கொஞ்சம்கூடத் தயங்காமல், நாற்பத்தைந்து, கை முழுவதும் முடி என்றார். இத்தனை ஆண்டுகள் இவர்கள் எல்லாரும் ‘கொஞ்சம் உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு நடமாடியவர்கள்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை, எர்சீலியா பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு பங்குச் சாமியாரான தோன் லிபோரியோவிடம் போனாள். அவர் துணியை விலக்கினார், உடனே மூடினார், பிறகு ஒரு முனையை மட்டும் தூக்கிப் பார்த்தார். இப்படிப்பட்டதை மாட்டினால் குழந்தைகள் பயப்படுவார்கள் என்றார். சுவரில் ஏற்கெனவே மண்டை பிளந்தவர் இருவரும், குடல் சரிந்த கசாப்புக்காரர் ஒருவரும், ரத்த வாந்தி எடுப்பவர் ஒன்பது பேரும் இருக்கிறார்களே என்று அவள் நினைவூட்டினாள். தோன் லிபோரியோ நேர்மையானவர். அந்த வாதத்தை அப்போதே கைவிட்டார். ஆனால் அவரிடம் வேறொன்று இருந்தது.

“இதுல மாதா எங்கம்மா?”

“இல்லீங்க சாமி.”

“மாதா இல்லாம எப்படி நேர்ச்சைப் பலகை ஆகும்? இது இவனோட போட்டோ. இவன் போட்டோவைக் கொண்டுபோய் அவங்க வீட்டுல மாட்டச் சொல்றியா?”

“உள்ளது உள்ளபடின்னு நேந்துகிட்டேன் சாமி. அவங்க அப்போ அங்க இல்ல. இருந்திருந்தா நானே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.”

தோன் லிபோரியோ, மாதா இல்லாத பலகைக்குச் சுவரில் ஆணி அடிக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். எங்காவது ஒரு மூலையில் சிறியதாக எழுதிக்கொண்டு வா, விரற்கடை அளவு போதும் என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம். அவள் சொன்னதும் நியாயம். பாஸ்காத் திங்களுக்கு ஒன்பது நாட்கள் இருந்தன.

அன்று மாலை காப்பியை வாயில் வைத்தபோது எர்சீலியாவின் இடது கன்னத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. வலி என்று சொல்ல முடியாது. துணியின் ஓரத்தில் ஒரு நூலை யாரோ மெல்ல இழுத்துப் பார்த்தது போல இருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் அசையாமல் காத்திருந்தாள். இரண்டாம் முறை இழுபடவில்லை. ரிப்பன்களுக்கு மேலிருந்த கனவானை அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் பொறுமையாக இருந்தான். பலகையில் மட்டும் இருக்கிறானா, திரும்பி வந்துகொண்டிருக்கிறானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் தெயோதோரோ தூரிகையோடு வந்தான். ஊரெல்லாம் பேசும் பலகையில் தன் கை படவேண்டும் என்ற ஆசை அவனுக்கு இருந்தது. இடப்பக்க மேல்மூலையில் ஒரு மேகம், ஒரு மாதா, கால்மணி நேர வேலை, காசு வேண்டாம் என்றான். எர்சீலியா சம்மதித்தாள். அவன் வெள்ளையைக் குழைத்தான், தூரிகையை உயர்த்தினான், தூரிகை பலகையைத் தொடுவதற்குள் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“பொய்யா ஒரு மேகம் போட்டா அவங்களுக்குத் தெரியாமலா போயிரும்?”

“எல்லாரும் போடுறதுதானக்கா. இதுவரை மாதா ஒண்ணும் சொன்னதில்லையே.”

“அவங்க எல்லாம் உள்ளது உள்ளபடின்னு நேந்துக்கல.”

இத்தகைய நேர்ச்சையைச் செய்வதற்கு முன்னால் அனுபவமுள்ள ஓர் ஓவியனோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு தூரிகையைக் கழுவினான்.

எர்சீலியாவுக்கு ஒரு வழிதான் தோன்றியது. வலி வரும்போதெல்லாம் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தவள். அந்நேரம் அறையில் என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்பதை அவள் பார்த்ததே இல்லை. பார்த்தவள் நுன்சியாத்தா. ஆகவே பட்டாணி உரித்துக்கொண்டிருந்த நுன்சியாத்தாவின் எதிரே போய் உட்கார்ந்து, நவம்பர் மாதத்தில், மிக மோசமான அந்த நாட்களில், மாதா வந்ததற்கான அடையாளம் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். ஒளி, மணம், மணியோசை, எதுவானாலும் சரி.

நுன்சியாத்தா ஒளியையும் மணத்தையும் ஒரே அடியாக மறுத்துவிட்டாள். மணியோசை எப்படி வரும் என்று கேட்டாள். கடைவாசல் மணியின் நாக்கில் துணியைச் சுற்றிக் கட்டியவளே அவள்தானே. தெருப்பக்கக் கதவு சரியாகச் சாத்தாது. காற்று உள்ளே வந்தால் அண்ணிக்கு வலி வரும். ஆகவே நீலக் கம்பளியை வாசலுக்குக் குறுக்கே ஆணியடித்துத் தொங்கவிட்டாள். கீழிருந்து காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. எனவே அதன் இரு முனைகளையும் கைகளில் பிடித்துக்கொண்டு நின்றாள். செருப்புச் சத்தம் ஆகாது என்பதால் வெறுங்காலோடு நின்றாள். பேசினால் வலி கூடும் என்பதால் பேசாமல் நின்றாள்.

“எத்தனை நேரம்?” என்று எர்சீலியா கேட்டாள்.

“காத்து நிக்கிற வரைக்கும்.”

“மூணு வருஷமுமா?”

“குளிர்காலத்துல மட்டும்தான் அண்ணி. வெயில்காலத்துல உனக்குக் காத்து இல்லையேன்னு நான் பட்ட பாடு வேற.” நுன்சியாத்தா ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். “மாதாவைத்தான திட்டிக்கிட்டே நின்னேன், மனசுக்குள்ள. நீ வராட்டிப் போ, நான் நிக்கிறேன், ஆனா கம்பளியோட இந்த ஒரு முனையையாவது வந்து பிடின்னு கேட்டேன்.”

“பிடிச்சாங்களா?”

நுன்சியாத்தா யோசித்தாள். கை ஓய்ந்துபோய்க் கம்பளி நழுவும் என்று நினைத்த சில நேரங்களில் அது நழுவவில்லை, அவ்வளவுதான் தனக்குத் தெரியும் என்றாள்.

எர்சீலியா எழுந்து பின்னறைக்குப் போனாள். புதன்கிழமை வரை சமையலுக்கும் வரவில்லை. நுன்சியாத்தா எட்டிப் பார்க்க முயன்றபோதெல்லாம் பலகையின்மேல் துணி போர்த்தியிருந்தது.

புதன்கிழமை காலையில் அதைத் தோன் லிபோரியோவின் மேசைமேல் வைத்துத் துணியை விலக்கினாள். அலமாரியும் கனவானும் அப்படியே இருந்தார்கள். படத்தின் வலப்பக்கத்தில், முன்பு வெறும் சுவராக இருந்த இடத்தில், ஒரு வாசல் திறந்திருந்தது. அந்த வாசலை அடைத்தபடி, விரிந்த நீலக் கம்பளியை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். கம்பளி காற்றில் உப்பியிருந்தது. அவள் அதன்மேல் தன் எடையை எல்லாம் சாய்த்திருந்தாள். தலையில் முடிச்சிட்ட முக்காடு. முக்காட்டுக்கு மேலே மெல்லிய பொன் வளையம். பாவாடைக்குக் கீழே, பக்கவாட்டில் திருப்பி ஊன்றிய இரண்டு வெறுங்கால்கள்.

“முகம் எங்கம்மா?” என்றார் தோன் லிபோரியோ.

“அந்தப் பக்கம் இருக்குங்க சாமி. காத்து அங்கிருந்துதான வந்துச்சு.”

அவர் குனிந்தார். பாஸ்காத் திங்களன்று ஊர் முழுவதும் வெறுங்காலோடு பாறை ஏறும். ஏறி வருவோரின் கால்களில் கோயில் வாசலில் நின்று தண்ணீர் ஊற்றுபவர் அவர். இருபதாண்டுகளாகக் குனிந்தபடியே அதைச் செய்துவந்ததால், தம் பங்கு மக்களில் பலரை அவர் முகத்தைவிடக் காலைக் கொண்டே நன்கு அறிந்திருந்தார். வலது பெருவிரல் உள்நோக்கி வளைந்து அடுத்த விரலின்மேல் ஏறியிருந்ததையும், அதன் ஓரத்தில் சுண்டைக்காயளவு கால் ஆணி புடைத்திருந்ததையும் அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

“இந்தக் காலுக்கு நான் தண்ணி ஊத்தியிருக்கேனே.”

“நெறைய தடவை, சாமி.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா விடுவாளா?”

அவர் மேசையைச் சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து பார்த்தார். கனவானையும் பார்த்தார். கனவானும் அவரைப் பார்த்தான். தமக்கும் இடுப்பில் ஒருவன் இருப்பதாகவும், பூசையில் முழந்தாளிடும் நேரம் பார்த்துத்தான் அவன் இருக்கையை இழுத்துப் போடுகிறான் என்றும், அவனுடைய முகம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்றும் ஏதோ வானிலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்த வளையத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போட்டுடு. தூரத்துல நின்னு பாக்குறவங்களுக்கு மாதான்னு தெரியணும்.”

“போடுறேன் சாமி.”

“காலைக் கொஞ்சம் சின்னதா—”

“உள்ளது உள்ளபடி, சாமி.”

ஆணியையும் சுத்தியலையும் தாமே எடுத்துவருவதாகச் சொன்னார்.

பாஸ்காத் திங்களன்று எர்சீலியா துணி போர்த்திய பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு பாறை ஏறினாள். நுன்சியாத்தா அவளுக்குக் காற்று வரும் பக்கமாக நடந்துகொண்டு, வழி நெடுக, மாதாவை எந்த மூலையில் எழுதினாய், என்ன நிறப் பட்டு உடுத்தினாய், கிரீடம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூன்று குளிர்காலத்துப் பேச்சு அவளிடம் மீதம் இருந்தது. எர்சீலியா மூச்சு வாங்குவதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

கோயிலில் தோன் லிபோரியோ ஆணி அடித்துவிட்டு விலகினார். துணி விலகியதும் முன்வரிசையில் நின்றவர்கள் கனவானைக் கண்டு பின்வாங்கினார்கள். பின்வரிசையில் நின்றவர்கள் என்னவென்று பார்க்க முன்னே தள்ளினார்கள். நுன்சியாத்தாவின் கண் நேராகக் கீழே போயிற்று.

“அண்ணி. அது என் கால்.”

“மெதுவாப் பேசு.”

“மாதாவுக்குக் கால் ஆணியை வச்சு எழுதியிருக்க. நான் நாளைக்கு அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ஊருக்குள்ளதான் எப்படி நடப்பேன்?”

எர்சீலியா பதில் சொல்வதற்குள் வேறொன்று தொடங்கிவிட்டது. புதிதாக மாட்டிய பலகையில் மாதாவின் பாதத்தை முத்தமிட்டுவிட்டுத்தான் மற்றவற்றைப் பார்ப்பது அவ்வூரார் வழக்கம். மேகத்தில் அமர்ந்திருக்கும் மாதாவின் பாதம் எட்டாது. விரலால் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். இந்த மாதா தரையில் நின்றாள். பாதங்கள் வாய்க்கெட்டும் உயரத்தில் இருந்தன. முதலில் தபால்காரர் குனிந்து, கனவானை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, வளைந்த பெருவிரலில் முத்தமிட்டார். அவருக்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். கழுதைத் தரகன் வந்தான். சபாத்தோ இருமுறை முத்தமிட்டான். வாசல்வரை வரிசை நீண்டது.

நுன்சியாத்தா தன் கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு சுவரோரமாக ஒடுங்கி நின்றாள். அவளுடைய முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. அரை வரிசை கடந்தபின் அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள் என்பதை எர்சீலியா கவனித்தாள்.

“அந்தப் பச்சை முக்காட்டுக்காரி,” என்று நுன்சியாத்தா காதோரம் கிசுகிசுத்தாள், “நாலு வருஷமா என்னைப் பாத்தாலே எதிர்ப்பக்கம் போறவ. இப்பப் பாரு, ஆணி மேலயே முத்தம் குடுத்துட்டுப் போறா.”

எர்சீலியா சிரித்துவிட்டாள். உதட்டோரத்தில் ஒதுக்கி வைத்த சிரிப்பன்று. நான்கு பற்கள் இல்லாத வாய் முழுவதும் தெரிய, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். திறந்த வாசலின் வழியே பாறைக்காற்று நேராக அவளுடைய இடது கன்னத்தில் அடித்தது.

“அண்ணி, காத்து,” என்று நுன்சியாத்தா அவளுடைய முகத்துக்கு நேரே கையை உயர்த்தினாள்.

இருவரும் அப்படியே நின்றார்கள். வரிசை அவர்களைக் கடந்து நகர்ந்துகொண்டிருந்தது. எர்சீலியா மூச்சை அடக்கிக் காத்திருந்தாள், பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள்.

“இருக்கானா?” என்றாள் நுன்சியாத்தா.

எர்சீலியா நாக்கால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

“தெரியல. சொல்லிட்டு வர்றவனா அவன்? இப்போதைக்கு அந்தச் சுவத்துலதான் இருக்கான்.”

நுன்சியாத்தா உயர்த்திய கையை இறக்கவில்லை. வரிசை முடிய இன்னும் அறுபது பேராவது இருப்பார்கள் என்றும், அதுவரை நின்று பார்த்துவிட்டே போகலாம் என்றும் சொன்னாள்.